பெண் கொடுக்காத ஊர்

2002-இல் புதூர் டீக்கடையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். இலங்கையில் சண்டை நிறுத்தம். சமரசம் பேசியது நார்வே என்று போட்டிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

"எங்கனயோ பனிக்குள்ள கெடக்குத சின்ன நாடு. அவியளுக்கு இதுல என்ன வேலை?" என்று சத்தம் போட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அடுத்த ஊர் ஆட்டுக்காரர் டீயை ஆற்றியபடி கேட்டார்.

"கண்மாய்த் தண்ணிக்காக உங்க ஊரும் எங்க ஊரும் வெட்டுக்குத்துன்னு நின்னப்போ யாரக் கூப்பிட்டோம், மாப்ள? ரெண்டு ஊர்லயும் பொண்ணு குடுக்காத, எடுக்காத ஊர்க்காரரத்தானே? அதுவும் நாப்பது வீட்டு ஊரு. சின்ன ஊருன்னா யாருக்கும் பயமில்லல்லா."

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். அந்தக் கண்மாய்ச் சமரசத்துக்கு மறுவருஷம், அவர் ஊரிலிருந்து எங்கள் ஊருக்கு முதன்முதலாக வாழ வந்த பெண் என் மனைவி. அவருடைய தங்கச்சி.