காற்று குறைந்த நாளுக்கு ஒரு பலகை

எனக்காக நான் செய்த பலகையை, மௌத்தான பிறகு தன்னைக் குளிப்பாட்டுவதற்காகச் செய்கிற பலகை என்று என் உம்மா நினைத்துவிட்டாள். பத்து நாள் அப்படி நினைத்துக்கொண்டே கட்டிலில் கிடந்திருக்கிறாள். அந்தப் பத்து நாளும் நான் அவள் கண்ணெதிரில்தான் உட்கார்ந்து வேலை பார்த்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, குளிப்பாட்டுவதற்கென்று பள்ளிவாசலில் நீளமாக ஒரு பலகை இருக்கும். தண்ணீர் வடிவதற்குத் துளைகள் போட்டிருப்பார்கள். வீட்டில் மௌத்து விழுந்தால் யாராவது போய்த் தூக்கிக்கொண்டு வருவார்கள். பழையது இற்றுப்போனால் வசதிப்பட்டவர்கள் புதிதாக ஒன்று செய்து பள்ளிக்குக் கொடுப்பது நன்மையான காரியம். வீட்டில் யாராவது தேறமாட்டார்கள் என்று தெரிந்தால், அவர்கள் பெயரில் முன்கூட்டியே செய்து வைப்பவர்களும் உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? பிறந்து வளர்ந்த ஊர். தெரிந்த விஷயம் வேண்டிய நேரத்தில் மண்டையில் ஏறாவிட்டால் தெரிந்து என்ன பிரயோஜனம்.

நான் பதினோரு வருடம் வளைகுடாவில் இருந்தேன். ஊரில் ஓட்டல் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் நான் பார்த்தது கடற்கரையில் கைட் விடுகிற வேலை. ஒரு அறையை மூடுகிற அளவுக்குப் பெரிய பட்டம் வானத்தில் நிற்கும், அதன் கயிறுகள் இடுப்பில் மாட்டியிருக்கும், காலில் ஒரு பலகை. பட்டம் இழுக்க இழுக்கத் தண்ணீர்மேல் நின்றபடியே போகவேண்டியதுதான். முதலில் மற்றவர்களின் பட்டத்துக்குக் காற்றடித்துக் கொடுத்தேன், பிறகு நானே கற்றுக்கொண்டேன், கடைசியில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். இதை உம்மாவிடம் போனில் எப்படி விளக்குவது? பட்டம் விட்டுச் சம்பாதிக்கிறேன் என்றால் சிரிக்கமாட்டாளா? ஓட்டல் என்றால் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் உம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறி, இரண்டு வார்த்தை மூன்று வார்த்தையாகத்தான் வரும். ஒரே பிள்ளை நான், லீவு போட்டு வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். என் மனைவி அறந்தாங்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலை பஸ்ஸில் போனால் சாயங்காலம்தான் வருவாள். பகல் முழுக்க உம்மா என் பொறுப்பு. கஞ்சி கொடுக்கவேண்டும், மாத்திரை கொடுக்கவேண்டும், புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், துடைத்துவிடவேண்டும். செய்தேன். முகம் சுளிக்காமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய்.

வளைகுடாவில் எனக்குப் பொறுப்பாளராக இருந்தவர் தூத்துக்குடிக்காரர். மாதம் ஒருமுறை போனில் கூப்பிடுவார். உம்மாவைப் பற்றி விசாரிப்பார், இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்பார். நானும் ஒவ்வொரு தடவையும், "இங்க முடிஞ்சதும் வந்துர்றேண்ணே" என்பேன். எது முடிந்ததும்? அதை அவரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. யோசிக்கவே கூடாது என்று வைத்திருந்தேன் என்பதுதான் சரி.

வரும்போது ஒட்டுப்போட்ட பழைய பட்டம் ஒன்றையும் ஒரு சின்னப் பலகையையும் கொண்டுவந்திருந்தேன். அந்தப் பலகை அந்த ஊர்ப் பலத்த காற்றுக்குச் செய்தது. நம் கடலில் பங்குனியில் காற்று சோம்பிப்போய்க் கிடக்கும். சாயங்காலம் மனைவி வந்ததும் போய் மூன்று நாள் முயற்சி செய்தேன், மூன்று நாளும் இடுப்பளவு தண்ணீரில் சேறும் பாசியுமாக முழுகி எழுந்ததுதான் மிச்சம். படகுக்குப் பைபர் ஒட்டுகிற ஷெட்காரர் ஒருவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர், "பாய், மீன் பிடிக்கிறீங்களா, இல்ல மீனுக்கு எரையாப் போறீங்களா?" என்று கேட்டார்.

ரோஷம் வந்துவிட்டது. காற்று கம்மியாக இருந்தால் பலகை அகலமாக, தட்டையாக, கனமில்லாமல் இருக்கவேண்டும். அங்கே அந்த மாதிரிப் பலகைக்குக் கதவு என்றே பட்டப்பெயர். அப்படி ஒன்றை நானே செய்வது என்று முடிவு செய்தேன். ஐந்தரை அடி நீளம், ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். என் உம்மா ஐந்தடி சொச்சம். படுத்த படுக்கையாகி வற்றிப்போயிருந்தாள்.

அறந்தாங்கியில் நல்ல மெல்லிய பிளைவுட்டாக இரண்டு வாங்கி வந்தேன். எங்கள் வீட்டுக் கொல்லை மணல். சமமான டைல்ஸ் தரை இருப்பது உம்மாவின் அறையில் மட்டும்தான். அவளைத் தனியே விட்டுவிட்டு வெளியே உட்காரவும் முடியாது. அதனால் அங்கேயே பரப்பினேன். அவளுக்கும் ஒரு பொழுதுபோக்காக இருக்கும் என்று நினைத்தேன், அந்தப் புத்திசாலித்தனத்தையும் சொல்லிவிடவேண்டும்.

நான் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது உம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அகலம்... பத்துமா?"

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளாக ஒரு விஷயத்தைக் கேட்டிருக்கிறாள். "பத்தும்மா. இதுக்கு மேல வச்சா தூக்குறவனுக்குத்தான் செரமம்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "எப்ப முடியும்?" என்றாள்.

"அடுத்த வெள்ளிக்கெழம ஜும்மாவுக்குள்ள முடிச்சிருவேன், பாரு."

வெள்ளிக்கிழமை மௌத்து கிடைப்பது எங்களவர்களுக்குப் பெரிய பாக்கியம். உம்மா சிரித்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு வந்த அந்தச் சிரிப்பை, மகனுடைய கைவேலையைப் பார்த்து வந்த சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஷெட்காரரிடம் ரெசினும் பைபர் துணியும் வாங்கினேன். ரெசினை இறுகவைக்கிற ஹார்டனரை அவர் அளந்து ஊற்றச் சொல்லியிருந்தார். நான் கண்ணளவாக ஊற்றினேன், முதல் குவளை கையிலேயே கொதித்துப் புகைந்துவிட்டது. இரண்டாவது சரியாக வந்தது. இரண்டு பிளைவுட்டையும் ஒட்டி, முனைகள் லேசாகத் தூக்கி நிற்பதற்காக அடியில் கட்டைகள் கொடுத்து, மேலே அம்மிக்கல்லையும் தண்ணீர்க் கேன்களையும் ஏற்றிவைத்தேன். மறுநாள் அறுத்து, முனைகளை வட்டமாக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அறை முழுக்க ரெசின் நாற்றம். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாமி மூச்சு விடுறதா வேணாமா?" என்று சத்தம் போட்டாள். அதன் பிறகு மீதி வேலையைக் கொல்லைக்கு, உம்மாவின் ஜன்னலுக்கு நேரே மாற்றிக்கொண்டேன்.

அங்கே வைத்துத் துளை போட்டுக்கொண்டிருந்த அன்று, பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் சந்து வழியாகப் போனார். கால் மாட்டுகிற பட்டைகளுக்கும் அடியில் வைக்கிற துடுப்புகளுக்குமாகச் சேர்த்துப் பதினான்கு துளை. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தவர், கொஞ்ச நேரம் நின்றார். "நல்ல காரியம் தம்பி. அல்லா கூலி தருவான்" என்றார். என்னடா இது, ஊரில் ஒரு மனிதருக்காவது கைத்தொழிலின் அருமை தெரிகிறதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூலி வேண்டாம் அஜ்ரத், காற்று தந்தால் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போய்விட்டார்.

இதற்கிடையில் உம்மா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். முதலில் பாதிக் கிண்ணம், பிறகு நாலு கரண்டி. கடைசி இரண்டு நாள் கரண்டி உதட்டில் பட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரெசின் வாடையால் குமட்டுகிறது என்று நினைத்தேன். புதன்கிழமை நான் கத்தியேவிட்டேன். "அடம் புடிக்காதம்மா! எனக்கு வேற வேலை இல்லையா?" கண்ணை மூடிக்கொண்டாள். கஞ்சி கழுத்தில் வழிந்திருந்தது, அதைத் துடைத்துவிட்டு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். இதை எழுதக் கை கூசுகிறது.

வியாழக்கிழமை தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து உம்மாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த வீட்டு மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினார். பட்டை மாட்டுகிற வேலை பாதியில் நிற்க, எல்லோருக்கும் டீ போட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் எனக்கு எரிச்சல்.

அந்த வெள்ளிக்கிழமை அரசு விடுமுறை, மனைவிக்குப் பள்ளிக்கூடம் இல்லை. உம்மாவை அவளிடம் விட்டுவிட்டு, ஜும்மாத் தொழுகை முடிந்த கையோடு கடலுக்குப் போனேன். தெற்கிலிருந்து சோழகக் காற்று, அதுவும் இருக்கிறதா இல்லையா என்று கேட்கிற மாதிரி. ஷெட்காரர் பட்டத்தைப் பிடித்து நின்றார். முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து பட்டைகளுக்குள் காலை நுழைத்து, பட்டத்தை மெதுவாகக் கீழே இறக்கினேன். பலகை முழுகவில்லை. ஒரு நொடி தயங்கியது, பிறகு வழுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. கரையோரமாக வெகுதூரம் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். வாய்விட்டுக் கத்தினேன். இரண்டு வருடத்தில் யாருக்கும் ஒன்றும் செய்யவேண்டியிராத நேரம் அது ஒன்றுதான். அந்த நேரத்தில் உம்மாவின் நினைப்பே எனக்கு வரவில்லை.

ஈரத்தோடு பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலில் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"அதை உள்ள கொண்டுவராதீங்க."

"ஏன்?"

"ஜும்மா முடிஞ்சிருச்சா, முடிஞ்சிருச்சான்னு மாமி கேட்டுக்கிட்டே இருந்தாங்க. முடிஞ்சிருச்சு மாமின்னதுக்கு, பலகை எங்கன்னு கேக்குறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. பக்கத்து வீட்டுல போயி விசாரிச்சேன். நீங்க உம்மாவுக்குப் பலகை செய்யிறீங்கன்னு மோதினார் ஊரெல்லாம் சொல்லியிருக்காராம். நேத்து வந்த பொம்பளைங்ககிட்ட எல்லாம் மாமி, பொறுத்துக்கங்கன்னு மாப்புக் கேட்டிருக்காங்க. இன்னிக்கு மௌத்தாயிரணும்னுதான் வயித்தைக் காயப்போட்டுக் கெடந்திருக்காங்க."

அவள் சொன்னதைக் கேட்காமல் பலகையோடேயே உள்ளே போனேன். அதைக் காட்டாமல் எப்படி விளக்குவது?

தரையில் போட்டு, பட்டைகளுக்குள் காலை விட்டு நின்று காட்டினேன். "பாரும்மா, இது என் காலுக்கு. கடல்ல நின்னுக்கிட்டுப் போறது." உம்மா வெறுமனே பார்த்தாள். போனை எடுத்து, அங்கே யாரோ பிடித்துக்கொடுத்திருந்த பழைய வீடியோவை அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். பட்டம், பலகை, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற நான்.

"நீயா?"

"நான்தாம்மா."

"ஓட்டல்னியே?"

"பொய் சொன்னேன்."

வீடியோ முடிந்தது. இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டிப் பலகையைச் சுட்டிக்காட்டினாள்.

"அப்ப, எனக்கில்லையா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"நீதானே... போன்ல சொன்ன. இங்க முடிஞ்சதும்... வர்றேன்னு."

ஒவ்வொரு மாதமும் அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துதான் பேசியிருக்கிறேன். அவளுக்குப் பேச்சுத்தான் போயிருந்தது, காது நன்றாகவே இருந்தது. அப்படியெல்லாம் இல்லை என்று உடனே சொல்லியிருக்கவேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன், வார்த்தை வரத் தாமதமாகிவிட்டது. அந்தத் தாமதத்தை உம்மா பார்த்துவிட்டாள்.

"கோவமில்லடா" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒன் வேலை போயிருமேன்னுதான்... வெரசாப் போயிரலாம்னு பார்த்தேன்."

என் மேல் மனத்தாங்கலால் பட்டினி கிடந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு உதவி செய்வதாக நினைத்துக் கிடந்திருக்கிறாள். கட்டில் சட்டத்தில் முகத்தை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். ஈரத்துணியிலிருந்து உப்புத் தண்ணீர் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கை என் தலைமேல் வந்து கிடந்தது. தடவிக்கொடுக்க அவளுக்குத் தெம்பில்லை.

மனைவி கஞ்சியைச் சூடாக்கிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உம்மாவின் தலைக்குக் கீழே இன்னொரு தலையணையை வைத்து, கரண்டியில் எடுத்து ஊதி அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் வாயைத் திறக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. கஞ்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்ச நாள்... இருந்துக்கவா?"

"இரும்மா" என்றேன்.

இன்னொரு தடவை சொல்கிறேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.