கதவுக்கு வெளியே ஒரு மொட்டைத் தலை

அடுக்குமாடியில் அக்கம்பக்கத்தார் எல்லோரையும் சந்தேகிக்கும் பெண்ணைப் பற்றிய ஒரு திகில் படத்தை இன்று மதியம் பார்த்து முடித்தேன். உடனே அழைப்பு மணி அடித்தது.

கதவுத் துளை வழியே பார்த்தேன். மீசைகூட இல்லாத மொட்டைத் தலை ஆள் ஒருவர் நின்றார்.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், "என் வாசலில் யாரோ அந்நியர், சீக்கிரம் வாங்க" என்று எழுதினேன்.

வெளியே அவருடைய கைபேசி ஒலித்தது. எடுத்துப் படித்தார்.

"அக்கா, நான்தாங்க, எதிர் வீட்டு குமார். காலையில மலையில மொட்டை போட்டுகினு வந்தேன். பிரசாதம் குடுக்கலாம்னு..."

கதவைத் திறந்து மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்லக்கா. கீழ் வீட்டுக்காரரு கட்டையோட வர்றேன்னு குரூப்புல போட்டுக்கிறாரு. மொதல்ல அவருக்குச் சொல்லுங்க."

மூன்று வருடமாக எதிர் வீடு. நான் பார்த்துவந்தது அவர் தலைமுடியை மட்டும்தான் போலிருக்கிறது.

திருத்தணியில் குடியிருந்துகொண்டு மொட்டைத் தலைக்குப் பயந்தவள் நான் ஒருத்திதானா?