சூட்டில் வெளுத்த சிவப்பு

அடுகோடி சிக்னலைத் தாண்டும்போதுதான் கவனித்தேன், லேபில் கொடுத்த ரப்பர் செருப்போடேயே நடந்து வந்திருக்கிறேன். என் செருப்பு அங்கே வாசலில் கிடந்தது. திரும்பிப் போக மனம் இல்லை. மதியம் மூன்று மணி வெயில். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. நானாகக் கிளம்பியதுதான்.

எட்டு மாதம் அங்கே கண்ணாடிச் சாமான் கழுவினேன். கிருமிகளிடமிருந்து சாயம் எடுக்கிற ஆராய்ச்சி. கூடக் கழுவியவள் உள்ளூர்க்காரி, ஜோகுபாளையத்துப் பெண். நான் எட்டாவதோடு நின்றவன், அவள் பத்தாவது தேறியவள். லேபை நடத்தும் மேடம் சொல்லும் பெயர்களைக் கையுறை டப்பாவின் அட்டையில் தமிழில் எழுதி, தொட்டிக்கு மேலே ஒட்டியிருந்தாள். குரோமோஜென் என்றால் இப்போது நிறமில்லாத, பின்னால் நிறமாக மாறக்கூடிய பொருள். குரோமோஜெனிக் என்றால் நிறத்தை உண்டாக்குகிற உயிர். செராஷியா சிவப்புக் கிருமி, ஈரமான குளியலறையிலும் வரும். அது போடும் சிவப்புக்குப் பெயர் புரோடிஜியோசின். மேடத்தோடு கன்னடத்தில் பேசிச் சிரிக்கும்போது இந்தப் பெயர்களெல்லாம் அவள் வாயில் தடுக்காமல் வரும். அவள் சாப்பிடப் போன நேரத்தில் நான் அட்டையைப் படிப்பேன். ஒன்றும் நாக்கில் நிற்காது. வயிறு எரியும்.

நிறம் எனக்குப் புதிதல்ல. திருப்பூர் சாயப்பட்டறையில் மூன்று வருஷம் இருந்திருக்கிறேன். நீலம் ஏறிய கையாலேயே சோறு தின்றிருக்கிறேன். "சாயத்தைப் பத்தி எனக்கே சொல்றியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது சாயம்ணா. இது உசிரு," என்றாள்.

உள்ளே, கிருமி வளர்க்கிற கல்ச்சர் அறைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மேடம் எங்கள் இருவருக்கும் ஆறாறு கண்ணாடித் தட்டுகள் கொடுத்து, சிவப்புக் கிருமியை வளர்க்கச் சொன்னார். நன்றாக வளர்ப்பவர் உள்ளே, மற்றவர் தொட்டியிலேயே. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நிற்க, இந்தப் பக்கம் நான் அவள் தட்டுகளைக் கழுவுவதை நினைத்தாலே பொறுக்கவில்லை.

அவள் தன் தட்டுகளைக் கிருமி வளர்க்கும் இருபத்தெட்டு டிகிரிப் பெட்டியில் வைத்தாள். பட்டறையில் சூடு ஏறினால்தான் சிவப்பு பிடிக்கும். அவளுடையதைவிட அழுத்தமான சிவப்பு வேண்டும் என்று என் ஆறையும் முப்பத்தேழு டிகிரிப் பெட்டியில் வைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலையில் முதல் ஆளாகப் போய்த் திறந்தேன். அவளுடையது மிளகாய் அரைத்துத் தடவினதுபோல் இருந்தது. என்னுடையது வெறும் மாவு மாதிரி வெளுத்துக் கிடந்தது. என் மூடிகளில் என் எழுத்து இருந்தது. அவள் மூடிகளில் ஒன்றுமே இல்லை. எழுத மறந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். மூடிகளை மாற்றிப் போட்டு, பன்னிரண்டையும் மேஜையில் பரப்பினேன்.

மேடம் வந்தார். சிவப்பைப் பார்த்தார், மூடியில் என் எழுத்தைப் பார்த்தார். "குட்," என்றார். எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் குட். பிறகு தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார்.

"யாரோடது இது?" என்று கன்னடத்தில் கேட்டார்.

அடியில், ஓரமாக, சிவப்புப் பேனாவில் அவள் பெயரின் முதல் எழுத்து. சிவப்போடு சிவப்பாக என் கண்ணில் படவே இல்லை.

அவள் என்னைப் பார்த்தாள். "மூடி மாறியிருக்கும் மேடம், எப்பவும் மாறுறதுதான்," என்றாள். பிறகு என் வெள்ளைத் தட்டை எடுத்துப் பார்த்தாள். "இதுவும் சாகல. சூட்டுல கலர் போடாது. எடுத்து வெளிய வளத்தா திரும்பப் போடும்."

மேடம் அந்தப் பக்கம் போனதும் மெதுவாகச் சொன்னாள்: "அடியில எழுதுண்ணான்னு முதல் நாளே சொன்னேனே."

சொல்லியிருந்தாள். அவள் சொல்கிறாளே என்றுதான் நான் கேட்கவில்லை. அவள் திட்டியிருந்தால்கூட அங்கேயே இருந்திருப்பேன். எனக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரிந்தது போதாதென்று, என்னைக் காப்பாற்றவும் தெரிந்திருந்தது. மதியம் அவளுக்கு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். அளவு பெரிது. கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். அவள் வளர்த்த தட்டுகள் ஆறும் கழுவத் தொட்டிக்கு வந்தன. குழாயை மூடிவிட்டு நடந்தேன்.

மறுநாள் காலை அடுகோடியிலேயே, வேலைக்குப் போகிற பையன்கள் தங்கும் ஒரு பி.ஜி.யில் ஆள் கேட்டார்கள்.

"பாத்ரூம் கழுவுவியா?" என்றார் மேனேஜர்.

"கழுவத்தான் தெரியும்."

நாலாவது மாடியில் வாளி விளிம்பிலும் தரை மூலையிலும் வழவழவென்று இளஞ்சிவப்பாக ஒரு படலம். "போர் தண்ணிக் கறை, சீக்கிரம் போகாது," என்றார் அவர். கறை இல்லை. செராஷியா. இந்த முறை பெயர் தடுக்காமல் வந்தது. சொல்லிக் காட்ட அங்கே ஆள் இல்லை.

இந்நேரம் அவள் கோட்டுப் போட்டுக்கொண்டு இதைத்தான் வளர்த்துக்கொண்டிருப்பாள். நான் பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்க்க ஆரம்பித்தேன்.