முதலில் அம்மா முகத்தைப் பார்

"இல்ல கரடி, நீ அழக்கூடாது. ஊசி போட்டா கொஞ்ச நேரந்தான் வலிக்கும். அப்புறம் நானே ஊதி விடுறேன்."

உள்ளறையிலிருந்து அந்தக் குரல் கேட்டதும், கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த வாயாடி அந்தப் பக்கமே காதைச் சாய்த்தாள். மூன்று வயது வரை ஒரு சொல் உதிர்க்காத பிள்ளை! இன்று பஞ்சுக் கரடிக்கு வலிக்கும் என்று தெரிந்து ஆறுதல் சொல்கிறான்.

வாயாடி என்பது அந்தக் குடியிருப்பு அவளுக்கு வைத்த பெயர். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு. பால் ஆற்றும்போதும் பேசுவாள், ஜட்டி அலசும்போதும் பேசுவாள்.

"பதில் பேசாத புள்ளைகிட்ட என்னத்தத்தான் அப்படிப் பேசுவே?" என்று எதிர்வீட்டுக்காரி ஒருநாள் கேலி செய்தாள்.

"உங்க வீட்டுக்காரர் மட்டும் பதிலா பேசுறாரு? நீங்க நிறுத்திட்டீங்களா?"

இப்படி அடுத்தவர் பிள்ளைகளுக்கெல்லாம் வாய் கொடுத்தவளின் சொந்த மகன் அவள் அக்கா வீட்டில் வளர்ந்தான். புருஷன் கைவிட்டுப் போனதும், பிழைக்க வேறு வழியில்லாமல் அங்கே விட்டுவிட்டு வந்தாள். அவன் அக்காவை அம்மா என்றான். பெற்றவளைச் சித்தி என்றான். முதன்முறை அதைக் கேட்ட அன்று அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுதாள். இப்போது அவன் குடும்பஸ்தன். முழங்கால் தேய்ந்து, வேலையும் போன சித்தியைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லியிருக்கிறான். நாளைக் காலை பயணம். இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை.

போவதற்கு முன் ஒரே ஓர் ஆசைதான். இந்த வீட்டு நர்ஸம்மாவின் மகன், அவள் தூக்கி வளர்த்த பிள்ளை, அவன் வாயால் ஒரு தடவை 'பெரியம்மா' என்று கேட்டுவிட வேண்டும். அதிலாவது ஓர் அம்மா ஒட்டிக்கொண்டிருக்கிறதே.

அவனுடைய முதல் சொல் அவளுக்குத்தான் கிடைத்தது. சோறு பிசைந்துகொண்டிருந்தவளின் கன்னத்தைத் திருப்பி, "அம்மா" என்றான். பகல் ஷிப்ட் முடிந்து வந்த நர்ஸம்மா, தோளில் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்படியே குளியலறைக்குள் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

அந்தத் தண்ணீர்ச் சத்தம் வாயாடிக்குத் தெரியாததா? பிசைந்த சோறு கையிலேயே காய்ந்துபோனது.

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். "நான் பெரியம்மாடா கண்ணு. அம்மா அவங்க" என்று திருத்தினாள். மூஞ்சி விளையாட்டு ஒன்றும் கற்றுக்கொடுத்தாள். உதட்டைப் பிதுக்குவாள், கன்னத்தை உப்புவாள். "இந்த மூஞ்சிக்குள்ள என்ன இருக்கு, சொல்லு?" அவன் முதலில் மூக்கைத் தொட்டுக் காட்டினான். போகப் போக, "கோவம்", "அழுகை" என்றான்.

டப்பாவிலிருந்து பிஸ்கட்டை எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டு, "அப்பா வந்தா எங்க தேடுவாரு?" என்று கேட்பாள். அவன் மடியைக் காட்டுவான். தனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று நம்புகிற வயசு அது. விடாமல் விளையாடினார்கள். ஒருநாள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மறைத்துக்கொண்டு, கள்ளச் சிரிப்போடு டப்பாவைக் காட்டினான். "அப்பாக்குத்தான் தெரியாதே!" வாயாடி அவனைத் தூக்கிக்கொண்டு கூடமெல்லாம் ஆடினாள். அன்றிலிருந்து எதை ஒளித்தாலும் அந்தக் கட்டைவிரல் உள்ளே போய்விடும்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பாடத்தையும் சொன்னாள். "அம்மா வந்ததும் முதல்ல அம்மா முகத்தப் பாரு. நீ எங்கிட்ட ஒட்டிக்கிட்டு நின்னா அந்த மூஞ்சிக்குள்ள அழுகை வரும். நீ அம்மாகிட்ட ஓடினா சிரிப்பு வரும். எது வேணும் உனக்கு?"

"சிரிப்பு."

பள்ளியில் சேர்த்ததும், "இனி நாங்களே பாத்துக்கிறோம்க்கா" என்று நர்ஸம்மா சொல்லிவிட்டாள். அதன்பின் வாயாடி இன்றுதான் இங்கே வருகிறாள்.

"கண்ணா, யாரு வந்திருக்காங்க பாரு" என்று நர்ஸம்மா உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

கரடியைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். வாயாடியைக் கண்டதும் கண் இரண்டும் விரிந்தன. கால் ஓர் அடி முன்னே வந்தது. அவள் கையும் தானாக நீண்டது.

கால் நின்றது. அவன் திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தான். அங்கே உதட்டில் சிரிப்பு இருந்தது, அதற்கு மேலே, கண்ணில், சிரிப்பு இல்லை. மெல்லப் போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"இவங்க யாரும்மா?"

நர்ஸம்மா முகம் மலர்ந்துவிட்டது. "அடப்பாவி! உன்னைத் தூக்கி வளத்தவங்கடா! மறந்தே போயிட்டான் பாருங்கக்கா. பிள்ளைங்களே இப்படித்தான், இல்ல?"

வாயாடி அவன் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது.

மறந்திருந்தால் கூடத் தாங்கியிருப்பாள். மறக்கவில்லை, மறைக்கிறான். அவள் சொல்லிக் கொடுத்ததைத் துளியும் பிசகாமல் செய்கிறான். இப்படி மறைத்து மறைத்தே ஒருநாள் நிஜமாகவும் மறந்துபோவான். 'பொய் சொல்றியாடா கண்ணு?' என்று ஒரு கேள்வி கேட்டால் ஓடி வந்துவிடுவான். அந்தச் சொல் கிடைத்துவிடும். ஆனால் இந்த வீட்டுக் குழாய் மறுபடி திறக்கும்.

"ஆமாம்மா," என்றாள் வாயாடி. "மறந்துட்டான். நல்லதுதான்."

கொண்டுவந்த பிஸ்கட் பொட்டலத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தன் முகத்தை மட்டும் அவன் பக்கம் காட்டவில்லை. அவன் படித்துவிடுவான்.

"இருந்து டீ குடிச்சிட்டுப் போங்கக்கா."

"இல்லம்மா, மூட்டை கட்டணும்."

செருப்பை மாட்ட அவளுக்கு நேரமாயிற்று. பின்னால் சின்னக் காலடிச் சத்தம் கதவு வரை வந்து நின்றது. அவள் திரும்பவில்லை. அவனும் கூப்பிடவில்லை.

"கதவச் சாத்திட்டு வாடா கண்ணா" என்று உள்ளிருந்து நர்ஸம்மா சொன்னாள்.

சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கதவைச் சாத்தினான்.