சொல்லாமல் எழுந்து போகிறவன்

மண்டபம் ஊரிலிருந்து உச்சிப்புளிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். மீன் கம்பெனி பின்னால் மறைந்து வெகுநேரம் ஆகியும் ஐஸ் உடைக்கும் மெஷினின் சத்தம் என்னோடு வந்தது. அவ்வளவு தூரத்துக்கு அது கேட்காது. எனக்கு மட்டும் கேட்கும்.

கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றி இறால் தட்டின் ஓரத்தில் வைத்தேன், சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சண்டை கிடையாது, கூலியில் குறையும் கிடையாது. அதற்கு முன் உப்பளம், செங்கல் சூளை, கரிமூட்டம், கொஞ்ச நாள் லாரியில் கிளீனர். எல்லா இடத்திலிருந்தும் இப்படித்தான் வந்தேன். ஏழாம் வகுப்பிலிருந்து எழுந்து வந்ததும் இப்படித்தான். இப்போது நாற்பது தாண்டிவிட்டது. நடந்தே ஊர் மாற முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் எத்தனை இடத்திலிருந்து எழுந்து போக முடியும் என்று அன்றுதான் முதல்முறையாகக் கணக்குப் பார்த்தேன்.

என்னைப் போன்றவர்களும், என்னைப் போன்ற ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சத்தம் எனக்குக் காதில் தொடங்காது, பல்லில் தொடங்கும். பிறகு தாடை, தோள் என்று இறங்கி, உள்ளங்கை வியர்க்கும். அந்த நேரத்தில் யாராவது தோளைத் தொட்டால் சுட்ட மாதிரி இருக்கும். அதற்கு மேல் நான் யோசிப்பதில்லை. கால் யோசிக்கும். எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், மற்றவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், எனக்குத்தான் பொறுமை இல்லை என்று நம்பியிருந்தேன்.

காதர் பாயின் மினி வேன் பின்னால் வந்து நின்றது. அவர் பெரியபட்டினத்துக்காரர். சவுதியில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி, மீன் யாவாரம் பார்க்கிறவர். எங்கள் கம்பெனிக்கு வந்து போவார்.

"ஏன்யா, சொல்லிட்டு வந்தா வாய் சுளுக்கிக்குமா? அங்கன உன்னை ஐஸ் ரூமுக்குள்ள தேடிக்கிட்டு இருக்காங்க. வெறைச்சுக் கெடக்கியோன்னு."

"இல்லை" என்றேன்.

"இல்லைன்னுதான் தெரியுதே. ஏறு."

ஏறினேன். ஓட்டிக்கொண்டே சொன்னார்: "எம் மவ ஒருத்தி இருக்கா. மிக்ஸி போட்டா வீட்டை விட்டு ஓடிருவா. ஆளு மூஞ்சியப் பாக்க மாட்டா. ஒரே துணியில நாலு சட்டை தைக்கச் சொல்லி அதையேதான் போடுவா. நீ கம்பெனிக்கு வந்ததுலேருந்து பாக்குறேன். எம் மவளுக்கு மீசை வச்ச மாதிரியே இருக்க."

"அவளுக்கு என்ன?"

"ஆட்டிசமாம்." (மூளை வளர்கிற விதம் பிறப்பிலேயே வேறாக இருப்பது. சத்தம், தொடுகை, முகக்குறிப்பு, பேச்சு எல்லாம் மற்றவர்களுக்குப் போய்ச் சேர்வதுபோல் இவர்களுக்குச் சேராது. தொற்றுவதில்லை, மருந்தால் மாறுவதுமில்லை.)

"அது பைத்தியமா?"

"அப்படிச் சொன்ன மூணு பேர்கிட்ட நான் பேச்ச நிறுத்திட்டேன். நாலாவது ஆளா நீ வந்துராத."

அந்த வாரமே ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அது பிள்ளைகளுக்கு வர்றதுங்க. மீசை மொளைச்ச பிறகு எங்கேருந்து வரும்?" என்றார்.

"மீசைக்கு முன்னாடியே வந்திருக்கும்ல சார்" என்றார் பாய்.

டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் பகலெல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பது போல் இருந்தது. நானாகவே நிறுத்திவிட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். போய்ச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

பாயின் மகளைப் பார்த்தது மதுரையில் ஓர் உளவியலாளர் (மருந்து எழுதமாட்டார், பேசியும் சோதித்தும் கண்டு சொல்கிறவர்). அவரிடம் போனோம். நடுவயதுப் பெண். என் எதிரில் உட்காராமல் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். "ஃபேன் சத்தம் தொந்தரவா இருக்கா, நிறுத்திடவா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நிறுத்தச் சொன்னேன்.

இரண்டு முறை வரச் சொல்லி நிறைய கேட்டார். படங்கள் காட்டினார். முடிவில், "எனக்கு அநேகமாத் தெரிஞ்சிடுச்சு. ஆனா சின்ன வயசுல இருந்தே இப்படியாங்கிறது முக்கியம். அப்போ உங்களைப் பார்த்தவங்க ஒருத்தர் வரணும். அது இல்லாம நான் எழுதித் தர மாட்டேன்" என்றார்.

அய்யாவும் அம்மாவும் இறந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது அக்கா. அவள் என்னோடு பேசுவதை நிறுத்தி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அவள் வராவிட்டால் எனக்கு என்ன என்பது தெரியாமலே போய்விடும். தெரியாமல் போனால், நான் கெட்டவன் என்பதுதான் மிஞ்சும்.

அக்காவின் கோபம் இதுதான். அவள் கல்யாணத்தில் தாலி கட்டி முடித்து, உடன்பிறந்தவன் செய்யவேண்டிய முறை பாக்கியிருக்கும்போது நான் எழுந்து போய்விட்டேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் பக்கம் துக்க வீட்டிலிருந்துதான் அப்படிப் போவார்கள். அங்கே 'போய்விட்டு வருகிறேன்' என்று சொல்லக் கூடாது. திரும்ப வரும்படி இன்னொரு சாவு விழக் கூடாது என்பதற்காக. கல்யாணப் பந்தலிலிருந்து அப்படிப் போனால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? அக்காவின் முதல் குழந்தை பிறந்த சில நாளில் இறந்துபோனது. அவள் மாமியார் அந்தப் பழியை என் மேல் போட்டாள். திட்டு மட்டும் அக்காவுக்கு விழுந்தது.

கமுதிப் பக்கம் அவள் ஊருக்குத் தனியாகப் போனேன். களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை.

"யாரு செத்தா?" என்றாள்.

"யாரும் சாகல."

"பெறகு எதுக்கு வந்த?"

சொன்னேன். எனக்கு நீளமாகப் பேச வராது. ஆட்டிசம், மதுரை, நீ வரணும் என்று சொன்னேன்.

"நான் வந்து என்னத்தச் சொல்ல? எங் கல்யாணத்துல பொணத்தப் பாத்துட்டுப் போறவனாட்டம் போனான்னு சொல்லவா?"

"சொல்லு. அதையும் கேப்பாக."

கையிலிருந்த மிளகாயை வீசினாள். "ஏன்டா அப்படிப் போன? எம் மாமியா வாயில விழுந்து நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா?"

"மேளமும் மைக்கும் சேந்ததுல பல்லெல்லாம் ஆடிருச்சு. இருக்க முடியல."

"சரி, முடியல. 'அக்கா, போயிட்டு வாரேன்'னு ஒரு சொல்லு சொல்லிருக்கலாம்ல?"

"நீதான சொல்லக் கூடாதுன்ன."

"நானா?"

"பெரியப்பா செத்தப்ப. நான் ஒவ்வொரு ஆளாப் போயி 'வாரேன், வாரேன்'னு சொல்லிக்கிட்டே வந்தேன். நீ தலையில கொட்டி, 'கெளம்பயில யார்ட்டயும் சொல்லக் கூடாது, பேசாம எந்திரிச்சு நட'ன்ன."

"அது எழவு வீட்டுக்குடா!"

"அத நீ சொல்லல."

பெரியப்பா செத்தபோது எனக்கு ஆறு வயது, அவளுக்குப் பத்து இருக்கும். அன்று முதல் நான் எந்த வீட்டிலிருந்தும், எந்த வேலையிலிருந்தும் சொல்லிக்கொண்டு கிளம்பியதில்லை. சொல்வது எனக்குக் கடினம், சொல்லக் கூடாது என்று ஒரு விதி கிடைத்தது, வசதியாகப் போய்விட்டது. மற்றவர்கள் சொல்லிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு விதி தெரியவில்லை என்று நினைத்தேன்.

"அட மடப்பயலே" என்று அக்கா சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து, மிளகாய்க் கையோடு கண்ணைத் துடைத்துவிட்டாள். அதற்கும் என்னையே திட்டினாள். வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு அவள் கையில் ஊற்றினேன்.

முகத்தைக் கழுவிய பிறகு குரல் மாறியிருந்தது. "அந்தப் பிள்ள உன்னால போகலன்னு எனக்கும் தெரியும்டா. ஆனா யாரையாச்சும் வையணும்ல. நீதான் இங்கன இல்ல, வைய வசதியா இருந்துச்சு."

அவள் சாக்கை இழுத்து மிளகாயை மூடினாள். "மதுரைக்கு எந்த பஸ்ஸு?" என்றாள்.

மதுரையில் அக்கா பேசியது எனக்கே புதிது. ஐந்து வயது வரை நான் பேசவில்லையாம். சோற்றில் குழம்பு பட்டால் தட்டோடு கவிழ்த்துவிடுவேனாம். புதுச் சட்டை போட்டால் அலறுவேன் என்று அம்மா பழைய சேலையில் தைத்துப் போட்டாளாம். "ராத்திரி எங்கய்யா இவன முதுகுல தூக்கிக்கிட்டு கம்மாக்கரையில நடப்பாக. நடந்தாத்தான் தூங்குவான். பகல்ல வேலை பாத்துட்டு வந்து அப்படி நடப்பாக" என்றாள். அய்யா என்னைத் தொட்டதே இல்லை என்று நான் நினைத்திருந்தேன்.

உளவியலாளர் ஆட்டிசம்தான் என்று எழுதிக் கொடுத்தார். "இது நோயில்லை, குணமாக்க எதுவும் இல்லை. உங்க உடம்பு தாங்குற அளவு தெரிஞ்சு வாழணும், அவ்வளவுதான்" என்றார். எனக்கு மகிழ்ச்சியும் இல்லை, துக்கமும் இல்லை. கனமான சாக்கை இறக்கி வைத்த பிறகும் கொஞ்ச நேரம் முதுகு குனிந்தே இருக்குமே, அப்படி இருந்தது. பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் எனக்குக் கொடுத்துவிட்டு, என் தோளில் இடிக்காமல் ஒதுங்கி உட்கார்ந்து வந்தாள்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பரிசோதனைக்குப் போகும்போது உங்களைச் சிறுவயதில் பார்த்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். உங்கள் மேல் கோபமாக இருப்பவராக இருந்தாலும் பரவாயில்லை. கோபமாக இருப்பவர்கள் நிறைய நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ராமநாதபுரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள். முதலில் பாய் மாதிரிப் பெற்றோர்கள்தான் வந்தார்கள். பிறகு எங்களைப் போல வளர்ந்த ஆட்களும் சேர்ந்தோம். அங்கே நாற்காலிகளை வட்டமாகப் போடுவதில்லை. எல்லாம் ஜன்னலைப் பார்த்து இருக்கும். வணக்கம் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். நான் முதலில் போன ஞாயிறன்று பக்கத்தில் சாயல்குடி டெய்லர் ஒருவர் இருந்தார். ஜன்னலைப் பார்த்தே பேசினார்.

"எத்தனை வேலை விட்டிருக்கீக?"

"எண்ணல."

"நான் ஒரே வேலைதான். ஆனா வாடகை வீடு மூணு மாறிட்டேன். எல்லாம் பக்கத்து வீட்டு நாயால."

"நாய் கடிச்சுச்சா?"

"கடிச்சாப் பரவால்லையே. கொலைக்குது."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இருவரும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது அவர், மாரியூரில் தன் சித்தி கருவாட்டுக் களம் வைத்திருப்பதாகவும், அங்கே மெஷின் எதுவும் இல்லை என்றும் சொன்னார். அன்றே அவரோடு பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை அந்தக் களத்தில் நின்றேன். டெய்லரின் சித்தி வாயில் வெற்றிலையோடு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் மனதில் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். எனக்கு ஆட்டிசம் இருக்கிறது, சாடை காட்டினால் புரியாது, வாயால் சொல்ல வேண்டும், தோளைத் தொடக் கூடாது, சில நேரம் இருக்க முடியாமல் போகும்.

"உன்னைத் தொட்டு எனக்கு என்ன ஆகப்போகுது?" என்றார். "வெயில் ஏறுனாப் புரட்டு. காக்கா வந்தா வெரட்டு. இருக்க முடியலைன்னா அந்தா, கவுத்துப் போட்ட வள்ளம் இருக்குல்ல, அதுக்கு அந்தப் பக்கம் போயி உக்காரு. முடிஞ்சா வா."

நெத்திலியைப் பரப்பினேன். முன்பெல்லாம் ஒரு வேலையில் சேர்ந்த அன்றே, எப்போது எழுந்து போகப்போகிறேன் என்று உடம்பு காத்திருக்கத் தொடங்கும். நாட்கள் எனக்கு அந்த நாளை நோக்கித்தான் ஓடும். அன்று மதியம் காக்கைகளும் பெண்களின் பேச்சும் ஒன்றாகச் சேர்ந்து பல் கூசத் தொடங்கியது. இந்த முறை அது என்னவென்று எனக்குத் தெரிந்தது. தாடைக்கு இறங்கும் முன் எழுந்து வள்ளத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். பலகையின் நிழலில் மணல் குளிர்ந்திருந்தது. அந்தப் பக்கம் சாயல்குடி போகிற பாதை தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. உள்ளங்கை காய்ந்ததும் எழுந்து களத்துக்கு வந்து, விட்ட வரிசையிலிருந்து புரட்டத் தொடங்கினேன்.