டீவிக்குக் கீழ நிக்கிறவன்

படம் ஓடாத தனியார் பஸ்ஸில வன்னிச் சனம் ஏறாது. படம் ஓடுற பஸ்ஸில கண்டக்டராய் நிக்கிறவனுக்கு ஓடி ஒளிக்க இடமும் கிடையாது.

ஒன்பது வருஷமாய் முல்லைத்தீவு – வவுனியா றோட்டில நான் கண்டக்டர். பேர் நவ்ஷாத், வீடு நீராவிப்பிட்டியில. சாரதி சிவம் அண்ணை. காலமை முல்லைத்தீவில வெளிக்கிட்டு ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புளியங்குளம் எண்டு வவுனியா போய்ச் சேர ஒரு முழுப்படம் ஓடி முடியும். அந்தப் படங்களில என்ரை முஸ்லிம் ஆக்கள் படுற பாட்டைத்தான் சொல்லப்போறன். கடையில, கந்தோரில, ஆஸ்பத்திரியில சனத்தின்ரை முகத்துக்கு முன்னால நிண்டு உழைக்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறது விளங்கும்.

சனிக்கிழமைகளில என்ரை மகள் ரிஸ்னாவும் இந்த பஸ்ஸிலதான் வவுனியாவுக்கு வகுப்புக்கு வாறவள். டொக்டராய் வரவேணுமெண்டு ஒரே பிடியாய் நிக்கிறாள். எங்கட பக்கத்தில இரசாயனம் படிப்பிக்க ஆளில்லை, வகுப்பை விட்டால் அவளின்ரை படிப்பு அவ்வளவுதான். அவள் பஸ் ஏறத் தொடங்கும் வரைக்கும் இதெல்லாம் எனக்குப் பகிடிதான்.

டிக்கெட் தாற மாமா

எங்கட பஸ்ஸில டீவி சாரதிக்குப் பின்னால மேல பூட்டிக் கிடக்கு. நான் நிக்கிறது அதுக்கு நேர கீழ. படம் பாக்கிற அம்பது பேரும் என்னையும் சேர்த்துத்தான் பாக்கவேணும். ஒருநாள், வெள்ளிக்கிழமை. வவுனியாவில ஜும்மாவுக்குப் போகவேணுமெண்டு தொப்பியும் போட்டிருந்தன். தாடி எப்பவும் இருக்கிறதுதான். மேல டீவியில ஒருத்தன். அவனுக்கும் தாடி, தொப்பி, கண்ணுக்குச் சுறுமா வேறை. துவக்கைத் துடைச்சுத் துடைச்சுச் சிரிக்கிறான். பின்னால தொழுகைக்குக் கூப்பிடுற பாங்கு மாதிரி ஒரு சத்தம். எங்கட பள்ளியில பாங்கு சொல்லுற மனுசன் மாங்காய்க்குக்கூட கல் எறியமாட்டார். படத்தில அந்தச் சத்தம் கேட்டால் ஆரோ சாகப்போறான் எண்டு அர்த்தம்.

முன் சீட்டில தாயின்ரை மடியில மூண்டு வயசுப் பொம்பிளைப்பிள்ளை ஒண்டு. டீவியைப் பாத்தாள், என்னைப் பாத்தாள், திரும்ப டீவியைப் பாத்தாள். நான் டிக்கெட்டைக் கிழிச்சு நீட்ட, வீரிட்டு அழத் தொடங்கிட்டாள். தாய்க்கு வெக்கமாய்ப் போச்சு. பிள்ளையின்ரை முதுகைத் தடவித் தடவிச் சொன்னா: "அழாதையம்மா, கெட்ட மாமா மேல இருக்கிறார். இவர் டிக்கெட் தாற மாமா."

நெடுங்கேணியில சாகிறவன்

எங்கட ஆக்களைக் கெட்டவங்களாய் மட்டும்தான் காட்டுறாங்கள் எண்டு சொன்னால் அது பொய். நல்லவனும் ஒருத்தன் வருவான். கதாநாயகனின்ரை சிநேகிதன். பெருநாளுக்குப் பிரியாணி குடுப்பான், கதாநாயகனின்ரை தங்கச்சியைச் சொந்தத் தங்கச்சியாய் நினைப்பான். பிறகு கதாநாயகனுக்கு வந்த சூட்டைத் தன்ரை நெஞ்சில வாங்கிச் செத்துப்போவான். ஒன்பது வருஷமாய்ப் பாக்கிறன், எந்தப் படமாய் இருந்தாலும் அவன் நெடுங்கேணியைத் தாண்டினதில்லை. அதுக்குப் பிறகு இடைவேளை. இடைவேளைக்குப் பிறகு வாறவன் குண்டோடதான் வருவான்.

நெடுங்கேணி தாண்டிப் புளியங்குளத்தில ஏறுறவர் பரமேஸ்வரன் ஐயா, இளைப்பாறின தபாலதிபர். வெள்ளைச் சேட்டு, கையில குடை, மரியாதையான மனுசன். ஒருநாள் என்னைக் கிட்டக் கூப்பிட்டு மெதுவாய்க் கேட்டார், "ஏன் தம்பி, உங்கடை ஆக்களில ஒரு நல்லவனைக்கூட காட்டுறாங்கள் இல்லையே?" எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோச்சு. "காட்டுறாங்கள் ஐயா, ஆனால் அவன் நெடுங்கேணியிலயே செத்துப்போறான்" எண்டன். அவர் உண்மையான கவலையோட சொன்னார்: "நான் நெடுங்கேணியில ஏறுறேல்லையே தம்பி."

வீட்டில எப்பிடி?

படத்தில வாற எங்கட ஆள் கதைக்கிற தமிழை எந்த ஊரில கதைக்கினமோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம். "நம்பள், நிம்பள்" எண்டு ஒரு கோதாரித் தமிழ். எங்கட சனத்தைத் தொண்ணூறில இயக்கம் ஊரைவிட்டு அனுப்பினாப் பிறகு நான் புத்தளத்தில அகதி முகாமில வளர்ந்தவன். அங்கயும் என்ரை உம்மா வன்னித் தமிழை விடேல்ல. ஒட்டுசுட்டான் பள்ளிக்கூடத்துக்குப் புதுசாய் வந்த ரீச்சர் ஒருத்தி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஒரு கிழமையாய் நான் கதைக்கிறதைக் கவனிச்சுக்கொண்டே வந்தவா. கடைசியில பொறுக்கேலாமல் கேட்டா: "கண்டக்டர் நானா, நீங்கள் எங்களை மாதிரியே கதைக்கிறீங்கள், அப்ப வீட்டில எப்பிடிக் கதைக்கிறனீங்கள்?"

ஜன்னலால எறிஞ்ச படம்

ஒருநாள் ஓடினது ஒரு வடநாட்டுப் படம், தமிழில குரல் குடுத்தது. என்ன படமெண்டு சிவம் அண்ணைக்கும் தெரியாது. வவுனியாவில கடைக்காரப் பொடியன் பென்டிரைவில ஏத்திக் குடுத்தது. புளியங்குளம் தாண்டினாப் பிறகுதான் விளங்கினது, அதில கொலைகாரர் இலங்கைத் தமிழராம். காடு, சாரம், நெத்தியில திருநீறு, கையில துவக்கு. கதாநாயகன் ஒவ்வொருத்தனாய்ச் சுட்டுத் தள்ளுறான். சனம் வெடிச்சுது பாருங்கோ! "நிப்பாட்டுங்கோ அதை!" "எங்களை என்ன மிருகமெண்டோ நினைச்சாங்கள்?" ஒரு அம்மா தலையில கை வைச்சு அழுதா. அவாவின்ரை மகன் போனது அப்பிடி ஒரு காட்டுக்குள்ளதான். நானும்தான் கத்தினனான். சாரத்தோட செத்து விழுந்த அந்தச் சனம் எனக்கும் பக்கத்து வீட்டுச் சனமெல்லோ. சிவம் அண்ணை பஸ்ஸை ஓரங்கட்டி, பென்டிரைவைப் பிடுங்கி, ஜன்னலால பத்தைக்குள்ள எறிஞ்சார். எல்லாரும் கைதட்டினாங்கள்.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நப்பாசை. பரமேஸ்வரன் ஐயா இன்னும் ஜன்னலால பத்தையைத் திரும்பிப் பாத்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய்க் குனிஞ்சு, "ஐயா, எனக்கு ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் இருக்கும்" எண்டன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். என்ரை கையைப் பிடிச்சார். பிடிச்சுக்கொண்டே அன்பாய்ச் சொன்னார்: "அது வேறை தம்பி. எங்களைப் பற்றிக் காட்டினது பொய்யெல்லோ."

கால் விறைச்ச அக்கா

எங்கட பஸ்ஸில எழுதாத சட்டம் ஒண்டு இருக்கு. நிக்கிற ஆளின்ரை பையை இருக்கிற ஆள் வாங்கித் தன்ரை மடியில வைச்சிருக்கவேணும். ஆரும் கேக்கத் தேவையில்லை, கை தானாய் நீளும். ரிஸ்னா எப்பவும் நிண்டுதான் வருவாள். கண்டக்டரின்ரை மகள் சீட்டில இருந்தால் சனம் கதைக்குமெண்டு நான்தான் இருக்க விடுறேல்ல. அவளின்ரை புத்தகப் பையை வழமையாய் வாங்கிறவா ஜசிந்தா அக்கா, முல்லைத்தீவுக் கடற்கரையில இருந்து வவுனியாவுக்குக் கருவாடு கொண்டுபோறவா. கருவாட்டுக் கூடை மணக்குதெண்டு சனம் புறுபுறுக்கும்போதெல்லாம் அவாவுக்காக வாய் காட்டினவன் நான். "நவ்ஷாத் என்ரை கூடப்பிறக்காத தம்பி" எண்டு பஸ் முழுக்கச் சொல்லித் திரிஞ்ச மனுசி.

ஒரு சனிக்கிழமை வழமை மாதிரி நீராவிப்பிட்டியில பையை வாங்கி மடியில வைச்சா. நெடுங்கேணி தாண்டினது. படத்தில தலையை மூடின ஒரு பொம்பிளைப்பிள்ளை பஸ் ஒண்டில ஏறுறாள், தோளில பள்ளிக்கூடப் பை. பையைச் சீட்டுக்குக் கீழ வைச்சுப்போட்டு இறங்குறாள். பஸ் வெடிக்குது. பள்ளிக்கூட வெள்ளைப் பர்தாவோட என்ரை பிள்ளை டீவிக்கு ஒரு முழம் தள்ளி நிக்கிறாள். சனம் படத்தைப் பாத்துக்கொண்டே இருந்தது. ஜசிந்தா அக்கா பையைக் குனிஞ்சு பாத்தா. பூட்டிக் கிடந்த சிப்பைத் தடவிப் பாத்தா. பிறகு, "குறை நினையாதை பிள்ளை, எனக்குக் கால் விறைச்சுப் போச்சு, நீயே வைச்சிரு" எண்டு நீட்டினா. ரிஸ்னா வாங்கித் தோளில கொழுவிக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பாக்கேல்ல. நான் டிக்கெட் புத்தகத்தையே பாத்துக்கொண்டு நிண்டன். வெக்கக்கேடு, எனக்கு வேறை ஒண்டும் செய்யத் தெரியேல்ல.

புளியங்குளத்தில இன்னொரு பிள்ளை ஏறினாள், அதே வகுப்புக்குப் போறவள், நெத்தியில சின்னப் பொட்டு, முதுகில பெரிய பை. ஜசிந்தா அக்கா கையை நீட்டினா: "இஞ்ச தா பிள்ளை, பாரமாய் இருக்குமெல்லோ."

அடுத்த சனிக்கிழமை

கிழமை முழுக்க யோசிச்சுப்போட்டு சிவம் அண்ணையிட்டை அந்தப் பை விஷயத்தைச் சொன்னன். "ஐயோ மச்சான், படம்தானேயெண்டு இருந்திட்டன்" எண்டார், பாவம், முகம் கறுத்துப்போச்சு. சனிக்கிழமை பகிடிப் படம் ஒண்டு போட்டார். ஒட்டுசுட்டானுக்குக் கிட்டப் பின் சீட்டில இருந்து சத்தம், "அண்ணை, நித்திரை வருது, நல்ல சண்டைப்படமாய் ஒண்டு போடுங்கோ!" ஒருத்தன் கேட்டான், பிறகு பத்துப்பேர். சிவம் அண்ணை கண்ணாடியால என்னைப் பாத்தார். நான் வெளியால பாத்தன். படம் மாறிச்சு.

ரிஸ்னா அண்டைக்குப் புத்தகப் பை கொண்டுவரேல்ல. உள்ளுக்குள்ள இருக்கிறதெல்லாம் வெளியால தெரியிற பொலித்தீன் பை ஒண்டில கொப்பி, பேனை, கல்குலேட்டர், அவளின்ரை உம்மா கட்டிக் குடுத்த ரொட்டி. ஏறின உடனே ஜசிந்தா அக்கா அந்தப் பையைப் பாத்தா. கை தானாய் நீண்டது. ரிஸ்னா சிரிச்சுக்கொண்டே குடுத்தாள். வவுனியா வரைக்கும் அது அவாவின்ரை மடியிலதான் இருந்தது, படத்தில என்ன வெடிச்சாலும். பஸ் நிலையத்தில இறங்கினாப் பிறகு கேட்டன், "ஏன் மகள், நல்ல பை இருக்க இது என்னத்துக்கு?" அவள் பர்தாவை நேராக்கிக்கொண்டு, எனக்குப் பாடம் சொல்லித்தாற மாதிரிச் சொன்னாள்: "உள்ளுக்குள்ள என்ன இருக்கெண்டு தெரிஞ்சால் ஒருத்தருக்கும் கால் விறைக்காது வாப்பா."

படத்தில எங்கட ஆள் வவுனியா வர முன்னம் எப்பிடியும் செத்து முடிஞ்சிடுவான், உயிரோட மிஞ்சின நாங்கள்தான் பின்னேர ட்ரிப்புக்கும் அதே டீவிக்குக் கீழ நிக்கவேணும்.