பூக் கேட்டுப் போன கடற்கரை

என் வீட்டுக்காரர் எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் போர்வெல் லாரியோடு ராஜஸ்தான் வரைக்கும் போய்த் துளை போட்டவர். ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீரைப் பார்த்தவர், கடலைப் பார்த்ததில்லை. நம்பினால் நம்புங்கள்.

சர்க்கரை அவருடைய வலது கண்ணைத் தின்றுவிட்டது. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். சேலத்து டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை. அதற்குப் பிறகு எவ்வளவு தெரியும் என்று சொல்ல முடியாது, பார்க்க வேண்டியதை இப்போதே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். எங்கள் ஊர் புதுச்சத்திரம் வந்து, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் இவர் சொன்னார். "கடலப் பாத்துட்டு வந்தர்லாம் புள்ள."

கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் அண்ணன் அந்தமான் போய் வந்தவர். அங்கே ஒரு குட்டித் தீவின் படத்தைப் போனில் காட்டினார். அந்த நீலம் மங்கின கண்ணுக்கும் தெரியும் என்று தோன்றியது. கப்பல் டிக்கெட் கிடைத்த கணக்கில் தீவில் எங்களுக்கு ஒரே ஒரு முழு நாள்தான். அதில் எந்தக் கடற்கரைக்குப் போவது?

கிளம்பும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மேற்கே ஒன்று, சூரியன் மறைவதற்குப் பேர் போனது. வெளிச்சம் குறைந்தால் இவருக்கு எதுவும் தெரியாது, அதை அடித்தேன். கிழக்கே ஒன்று, விடியற்காலையில் அழகாம், ஆனால் அலையும் பாறையும் அதிகம். வடக்கே ஒன்று, ஏரி மாதிரி அமைதியாக, இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். கிழக்கா வடக்கா என்று குழம்பிக் குழம்பித் தூக்கம் போயிற்று. கடைசியில் எங்கள் குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டேன். கிழக்குக்குச் சிவப்பு அரளி, வடக்குக்கு வெள்ளை என்று மனதில் நினைத்து, தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் வைத்தேன். பூசாரி எடுத்துக் கொடுத்த மடிப்பில் வெள்ளை இருந்தது. கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் பூக் கேட்பார்கள். கடற்கரைக்குக் கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தீவில் இறங்கிய அன்று மாலை, ஆட்டோக்காரர், அவரும் தமிழர்தான், வடக்குப் பக்கம் நாளைக்குக் காலையில் கடல் உள்வாங்கித் தண்ணீர் இருக்காது, மத்தியானத்துக்கு மேல் கூட்டிப் போகிறேன் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் ஊர் ஏரி வற்றவே ஆறு மாதம் ஆகும். கடல் ராத்திரியோடு ராத்திரியாக எங்கே போய்விடும்? வேறு சவாரிக்காக நம்மைத் தள்ளிவிடுகிறான் என்று முடிவு கட்டினேன். அம்மன் சொன்னதை ஆட்டோக்காரன் மாற்றுவதா! காலை எட்டு மணிக்கு வந்தே ஆகவேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். மத்தியானம் திரும்ப வருகிறேன் என்று எங்களை இறக்கிவிட்டுப் போனார்.

தென்னைகளைத் தாண்டி மணலுக்கு வந்தோம். கடலைக் காணோம்.

கண்ணுக்கு எட்டின மட்டும் சேறும் பாசி படிந்த கல்லும்தான். படகுகள் ஒருக்களித்துக் கிடந்தன. திரும்பி இவரைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். ஆபரேஷனுக்கு முன்னாலேயே திடீரென்று பார்வை போகலாம் என்று டாக்டரம்மா எச்சரித்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"போச்சு புள்ள. என்ற கண்ணு போச்சு."

"ஏனுங்க, கடலே இல்லீங்க. எனக்கும் தெரியிலீங்க."

"பொய் பேசாத. கடல் இல்லாத கடக்கரை எங்கயாச்சும் இருக்குமா?"

படகைக் காட்டினேன், கல்லைக் காட்டினேன். எல்லாம் வெறும் கலங்கலாகத்தான் தெரிகிறது என்றார். நான் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்றே நினைத்தார். மணலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஆட்டோக்காரர் பேச்சைக் கேட்காத என் திமிரை நானே திட்டிக்கொண்டேன். அம்மனையும் விடவில்லை, அவளையும் திட்டினேன். திரும்பிப் போய்விடலாம் என்று எழுந்தார். உண்மையாகவே தண்ணீர் திரும்பி வருமா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனாலும் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். வெயில் ஏறியது. பத்து மணி ஆகியிருக்கும்.

"அந்தா, வருது பாரு."

அவர்தான் சொன்னார். நான் குனிந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் தூரத்தில், கல்லுக்கு நடுவே, ஒரு நீலக்கோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது! நான் ஓவென்று அழுதுவிட்டேன். ஒரு படகு ஆடி நிமிர்ந்தது, அதையும் சொன்னார். தண்ணீர் எங்கள் காலுக்கு வரும்வரை அவர் கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. மத்தியானம் இடுப்பளவில் நின்று, சட்டையெல்லாம் நனைந்து, லாரியோடு போன காலத்து மாதிரிச் சத்தமாகச் சிரித்தார்.

ஆபரேஷன் நடந்தது. பெரிதாகப் பலன் இல்லை. இனிச் செய்ய ஒன்றுமில்லை, இருக்கிற பார்வை மெல்லத்தான் குறையும் என்றார் டாக்டரம்மா.

இப்போது ஏதாவது தெரியவில்லை என்றால், வாசலில் நின்று முதலில் என்னைத்தான் கேட்கிறார். "ரோட்டுல பஸ்ஸு நிக்குதா? உனக்குத் தெரியுதா புள்ள?" இல்லை என்று நான் சொன்னால் அவர் முகம் தெளிந்துவிடுகிறது. அன்றைக்கு நான் சொன்ன உண்மையை அவர் நம்பவில்லை. இப்போது பஸ் கண்ணெதிரே நிற்கும்போது, எனக்கும் தெரியிலீங்க என்கிறேன். உடனே நம்பிவிடுகிறார்.